எட்டுப் பேராகத் தட்டேக்காட்டுக்குப் பறவைப் படம் எடுக்கப் போகலாமா?

கேள்வி இது: கோயம்புத்தூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் எட்டுப் பேர். டிசம்பர் கடைசி வாரம் மூன்று நாள் ஒரு காட்டு விடுதியில் தங்கிப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. தட்டேக்காடு, கணேஷ்குடி, வால்பாறை மூன்றில் எது நல்லது? இரண்டு பேரிடம்தான் பெரிய லென்ஸ் இருக்கிறது, மற்றவர்கள் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? எட்டுப் பேரில் இருவர் தம்பதி, கூடவே அவர்களுடைய ஒன்பது வயது மகளும் வருகிறாள். அது சரிப்படுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டேக்காட்டுக்குப் போங்கள். டிசம்பர் கடைசி வாரத்தை விட்டுவிட்டு ஜனவரி நடுவில் போங்கள். எட்டுப் பேரை நாலு நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதில் முதல் இரண்டை நீங்கள் கேட்காவிட்டாலும் பயணம் எப்படியோ தப்பித்துவிடும். மூன்றாவதைக் கேட்காவிட்டால் தப்பாது. லென்ஸ் பற்றிக் கடைசியில் வருகிறேன். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எனக்கென்னவோ அது ஐந்தாவது கேள்வி.

ஏன் தட்டேக்காடு? எர்ணாகுளம் மாவட்டத்தில், கோதமங்கலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பெரியாற்றங்கரையில் இருக்கிறது. கோவையிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வழியாகக் காரிலோ வேனிலோ போனால் அரை நாளுக்குள் சேர்ந்துவிடலாம். சரணாலயத்தின் பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர்தான். 1930களில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, தீபகற்ப இந்தியாவில் பறவை வளம் மிகுந்த இடம் இதுதான் என்று எழுதினார். 1983-இல் கேரளத்தின் முதல் பறவைகள் சரணாலயமாக இதை அறிவித்தார்கள், அவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள்.

இத்தனை சின்ன இடத்தில் இத்தனை பறவை எப்படி என்று கேட்டால், உயரம்தான் காரணம், அதாவது உயரம் இல்லாதது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்குத் தெரிந்த காடுகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. அடிவாரத்துத் தாழ்நிலக் காட்டையெல்லாம் ரப்பருக்கும் தேக்குக்கும் ஊருக்கும் எப்போதோ வெட்டிவிட்டார்கள். மிச்சமிருக்கும் துண்டுகளில் ஒன்று தட்டேக்காடு. காடு, ஆறு, சதுப்பு, பாறை, தேக்குத் தோப்பு, ரப்பர்த் தோட்டம் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கின்றன. காலையில் ஆற்றங்கரை, பத்து மணிக்குக் காட்டுக்குள், மாலையில் பாறை மேல் என்று ஒரே நாளில் மூன்று வகைப் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

கணேஷ்குடியும் அருமையான இடம்தான். காளி நதியோரம், தாண்டேலிக்குப் பக்கம். அங்கே கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் விடுதிக்கு ஓல்டு மேகசின் ஹவுஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏதோ பழைய பத்திரிகை ஆபீஸ் என்று நானே ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். சூபா அணை கட்டும்போது வெடிமருந்து வைத்திருந்த கிடங்கு அது. விடுதி வாசலிலேயே பறவைகள் குளிக்கத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்கள்கூட நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுக்கலாம். ஆனால் கோவையிலிருந்து மூன்று நாளில் போய்வருவதென்றால் இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும். ஐந்து நாள் கிடைக்கும்போது பாருங்கள்.

வால்பாறை உங்களுக்குப் பக்கம், இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் நிச்சயம் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் சாலையோரம் நின்று, உயரமான மரத்தின் உச்சியை அண்ணாந்து எடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து வளைவில் வேனை நிறுத்தி எட்டுப் பேர் இறங்கினால் பின்னால் வருகிற அரசுப் பேருந்து ஓட்டுநர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பேர் பைக்கில் போகும் இடம் அது.

அடுத்து மாதம். டிசம்பர் கடைசி வாரம் வேண்டாம் என்பதற்கும் பறவைக்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கேரளத்தில் எல்லா விடுதியும் நிறைந்திருக்கும். பக்கத்து அறையில் பாட்டுப் போடுவார்கள், நல்ல கைடுகள் எல்லோரும் முன்பே பதிவாகியிருப்பார்கள். ஜனவரி இரண்டாவது, மூன்றாவது வாரம் என்றால் பொங்கல் விடுமுறையோடு சேர்த்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் அப்போதும் இருக்கும். அதில் முக்கியமானது ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விசில் அடிப்பதால் நம் ஊரில் அந்தப் பெயர். கோடையில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். குரலைக் கேட்டு நேரம் பார்த்தால் சில நாள் கடிகாரமே தப்போ என்று தோன்றும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பறவைகள் கூட்டமாக வர வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது. காடு காய்ந்திருக்கும், குடிக்க வேறு இடம் இருக்காது. ஆனால் அதுவே பல பறவைகள் கூடு கட்டும் காலமும். ஒழுங்காக நடந்துகொள்ளும் குழுவுக்குத்தான் அந்த மாதங்கள். முதல் பயணத்துக்கு ஜனவரியே போதும்.

சரி, இப்போது எட்டுப் பேர் விஷயம். வேனில் எட்டுப் பேர் உட்காரலாம், சாப்பாட்டு மேசையைச் சுற்றியும் உட்காரலாம். காட்டுப் பாதையில் எட்டுப் பேர் வரிசையாக நடந்தால் முதல் இரண்டு பேர் பறவையைப் பார்ப்பார்கள். அடுத்த இரண்டு பேர் அது பறந்து போவதைப் பார்ப்பார்கள். மீதி நாலு பேர் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்ப்பார்கள். காய்ந்த தேக்கிலை மேல் பதினாறு கால் நடந்தால் அப்பளத்தை நொறுக்குகிற சத்தம் வரும். அதற்கப்புறம் எந்தப் பறவை உட்காரும்?

ஆகவே நாலு நாலு பேராக இரண்டு குழு, இரண்டு கைடு. செலவு கூடும், பரவாயில்லை. அறைகளில் மிச்சம் பிடியுங்கள், கைடில் பிடிக்காதீர்கள். ஒரு குழு காட்டுக்குள் நடக்கும்போது மற்ற குழு ஹைடில், அதாவது மறைந்திருந்து படம் எடுக்கும் கொட்டகையில், உட்காரட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். இடையில் மாறக்கூடாது. “அங்கே என்னவோ வந்திருக்காம்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்து ஹைடிலிருந்து எழுந்து ஓடியவர்கள், அங்கேயும் பார்க்காமல் இங்கேயும் பார்க்காமல் திரும்பிய கதை எனக்கு நிறையத் தெரியும். ஒன்று என் கதையேதான்.

ஹைடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை வலைத்துணியும் ஓலையும் கட்டிய சின்னக் கொட்டகை, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், லென்ஸை நீட்ட ஓட்டைகள். எதிரே நாலைந்து மீட்டரில் ஒரு சின்னத் தண்ணீர்க் குழி, அதன் ஓரத்தில் பாசி படிந்த கல், ஒரு காய்ந்த கொம்பு. தட்டேக்காட்டைச் சுற்றியுள்ள தங்குமிடங்கள் பலவற்றில் இப்படி உண்டு. மூன்று பேர் வசதியாக உட்காரலாம், நாலு பேர் நெருக்கி உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால் எல்லோரும் அசைவார்கள்.

இங்கே பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் வெறும் தவிட்டுக்குருவியும் சின்னானும் வரும். புதியவர்கள் அப்போதே கைபேசியை எடுத்துவிடுவார்கள். வெயில் ஏறி, மரத்தடியில் வெளிச்சம் விழுந்து, ஒன்பதரை பத்துக்கு மேல்தான் குளியல் நேரம் தொடங்கும். முதலில் மஞ்சள்புருவச் சின்னான், பிறகு செந்தலைப் பூங்குருவி இலைகளைப் புரட்டிக்கொண்டு வரும். சோலைபாடி வந்து வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும். திரும்பி வரும் என்று நம்பி உட்கார்ந்திருங்கள், பெரும்பாலும் வரும். மரகதப்புறா நடந்தே வரும், சத்தமே இருக்காது. அது நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் பலர் அதை முதலில் பார்ப்பது இப்படிக் கேரளத்து ஹைடில்தான். மாலையில் மூன்றரையிலிருந்து ஐந்து வரை இன்னொரு சுற்று. அரசவால் ஈப்பிடிப்பான் ஆண் நீளமான வெள்ளை வாலோடு மேலிருந்து தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அதே வேகத்தில் கொம்புக்குத் திரும்பும். அந்த ஒரு நொடிக்காக இரண்டு மணி நேரம் உட்காருவதுதான் இந்தப் பொழுதுபோக்கு. அது பிடிக்காதவருக்கு ஆற்றங்கரை நடை இருக்கிறது. யாரையும் வற்புறுத்தி ஹைடில் உட்கார வைக்காதீர்கள், சலிப்படைந்த ஒருவர் போதும், நாற்காலியை நகர்த்திக் கெடுத்துவிடுவார்.

ஹைடில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பேச்சிலிருந்து இல்லை, பேச வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். பையின் வெல்க்ரோவைப் பிய்க்கிற சத்தம்தான். அடுத்தது பிஸ்கட் பாக்கெட். உட்காருவதற்கு முன்பே பையைத் திறந்து, பேட்டரி, கார்டு, தண்ணீர் எல்லாவற்றையும் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் சிறகடிக்கும்போது அதில் இறக்கை வளைந்து விழும் கேமராக்கள் உண்டு, வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

சில ஹைடுகளில் பறவை அதிகம் வர வேண்டும் என்று புழுவைக் கொட்டுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. தண்ணீர் வைப்பது வேறு, தினமும் ஒரே இடத்தில் தீனி போடுவது வேறு. பூச்சி தேடிப் பிழைக்கிற பறவையை நம் படத்துக்காக ஒரு கல்லுக்கு முன்னால் காத்திருக்க வைக்கிறோம். அந்தக் கல்லை வல்லூறும் பூனையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கும். பதிவு செய்யும்போதே தண்ணீர் மட்டும்தானா என்றும், தினமும் மாற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். பழைய தண்ணீரால் நோய் பரவும்.

காட்டுக்குள் நடக்கும் குழுவுக்கு வருவோம். தட்டேக்காட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் இரண்டு பறவைகள் தீக்காக்கையும் தவளைவாயனும். தீக்காக்கை ஆணின் வயிறு கங்கு போலச் சிவந்திருக்கும், மலையாளத்திலும் அதே பெயர்தான். ஆனால் அது நமக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும், முதுகோ மரப்பட்டை நிறம். பத்து நிமிஷம் அசையாமல் இருக்கும். கைடு விரலை நீட்டிக் காட்டினாலும் “எங்கே, எங்கே” என்றுதான் கேட்போம். இதை எடுக்க ஒரு வழி இருக்கிறது. துடுப்புவால் கரிச்சான் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறதா என்று கேளுங்கள். மரங்கொத்தி, மின்சிட்டு, சிலம்பன், ஈப்பிடிப்பான் என்று பல இனங்கள் சேர்ந்து இரை தேடிப் போகும் கூட்டத்தோடு அது வரும். மற்றவை கிளப்பிவிடும் பூச்சியை அது பிடிக்கும், ஆபத்து வந்தால் அது கத்தும், மற்றவை தப்பிக்கும். அந்தக் கூட்டத்தில் பல நாள் தீக்காக்கையும் இருக்கும். கூட்டத்தைத் துரத்தாதீர்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் போய் அசையாமல் நின்றால் அதுவே உங்களைக் கடந்து போகும். ஐந்து நிமிஷம் தலைக்கு மேல் திருவிழா, அப்புறம் ஒரே அமைதி.

தவளைவாயன் கதை வேறு. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மட்டும் இருக்கும் இரவுப் பறவை அது. பகலில் ஆணும் பெண்ணும் ஒரு கொடியில் ஒட்டி உட்கார்ந்து தூங்கும். ஆண் சாம்பல் கலந்த நிறம், பெண் செம்பழுப்பு. இரண்டும் சேர்ந்து பார்க்கக் கொடியில் சிக்கிய காய்ந்த இலைக் கொத்து மாதிரியே இருக்கும். நம்மால் தானாகக் கண்டுபிடிக்கவே முடியாது, உள்ளூர் கைடுக்குத்தான் இடம் தெரியும். பல நாள் அதே கொடியிலேயே உட்காரும் என்பதால் அவர் நேராகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். மூன்று மீட்டரில் நின்றாலும் பறக்காது. “பாவம், பழகிவிட்டது போல” என்று நாம் நினைப்போம். பழகவில்லை. அசையாமல் இருப்பதுதான் அதன் ஒரே தற்காப்பு. கழுத்தை நீட்டி அலகை மேலே தூக்கி, கண்ணைக் கீறலாக மூடிக்கொண்டால் அது பயந்துபோய் மரக்கிளையாக நடிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்துவிடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு காட்டில் நாங்கள் ஏழு பேர் போயிருந்தோம். தவளைவாயன் ஜோடி கிடைத்தது. ஒரு குறுக்குக் கொடி சரியாக ஆணின் கண்ணுக்கு முன்னால் வந்து படத்தைக் கெடுத்தது. எங்களில் ஒருவர், நல்ல மனிதர், கொடியின் நுனியை லேசாக வளைத்துப் பக்கத்து முள்ளில் மாட்டிவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. படம் பிரமாதமாக வந்தது. என்னிடமும் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை. மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனோம். இரண்டும் இல்லை. கொடி மட்டும் முள்ளில் மாட்டியபடியே இருந்தது. கைடு எங்களைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு எங்கே காட்டுவது என்று யோசித்தபடி நின்றார்.

அதிலிருந்து ஒரு குழுவோடு போகும்போது முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே சில விஷயங்களைப் பேசிவிடுகிறேன். இலை, கொடி, கிளை எதையும் தொடுவதில்லை. தூங்கும் பறவைக்கு முன்னால் ஒருவருக்கு இரண்டு நிமிஷம், மற்றவர்கள் பின்னால் நிற்பது. ஃபிளாஷ் கிடையாது. கூட்டைப் பார்த்தால் கேமராவைத் தூக்காமல் நடந்துவிடுவது. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது அறவே இல்லை. கடைசி விஷயத்தில்தான் வாக்குவாதம் வரும். “ஒரே ஒரு தடவை” என்பார்கள். அந்தக் குரலைக் கேட்ட ஆண் பறவை தன் இடத்துக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைக்கும். தீனியை விட்டுவிட்டு, சில சமயம் கூட்டையே விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். நமக்கு ஒரு தடவை, அதற்கோ அன்றைக்கு வந்த ஐந்தாவது குழு.

கைடுகள் சிலர் அவர்களாகவே குரலைப் போடுவார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற, அன்பளிப்பைக் குறைக்கிற ஆட்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். “சேட்டா, குரல் வேண்டாம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் நிம்மதியாகத்தான் பார்ப்பார்கள்.

இது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் வருகிறது. துப்பாக்கி இல்லாமலே வேட்டைக்காரர் ஆகிவிடலாம். சரணாலயத்துக்குள் நுழையச் சீட்டும் கேமராவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு, டிரோனைக் கொண்டுவர வேண்டாம் என்று குழுவில் இருக்கும் டிரோன்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள காடு. விடியுமுன் கைடு இல்லாமல் விடுதி வாசலைத் தாண்டுவது எவ்வளவு அனுபவம் இருந்தாலும் வேண்டாம்.

இப்போது லென்ஸ். நடைக்கு 400 மி.மீ. போதும், 500, 600 இருந்தால் நல்லது. ஹைடில் பெரிய லென்ஸைவிடப் பக்கத்தில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்தான் வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. லட்சக்கணக்கில் விலையுள்ள பழைய 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் சிலவற்றுக்குக் குறைந்தபட்சத் தூரம் நாலரை மீட்டர். பறவை நாலு மீட்டரில் குளித்தால் அந்தப் பீரங்கியை மடியில் வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்க்க வேண்டியதுதான். சோனி 200-600 என்றால் 2.4 மீட்டர், நிக்கான் 200-500 என்றால் 2.2, சிக்மா 150-600 கன்டெம்பரரி 2.8. இவை மூன்றும் ஜூம் லென்ஸ்கள், இரண்டு வேலைக்கும் ஆகும், வாடகைக்கும் சுலபமாகக் கிடைக்கும். எட்டுப் பேருக்கும் வாடகை லென்ஸ் வேண்டாம். ஒவ்வொரு நாலு பேருக்கும் இரண்டு போதும், மாற்றி மாற்றி எடுங்கள். மற்ற இரண்டு பேர் கையில் 8×42 பைனாகுலர் இருக்கட்டும். கேமராக்காரர்கள் பறவையின் கண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது அது என்ன செய்கிறது என்று முழுதாகப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். திரும்பி வரும்போது வேனில் அதிகம் பேசுபவர்களும் இவர்கள்தான்.

காட்டுக்குள் வெளிச்சம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. வேடந்தாங்கலில் 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பழகியவர்கள் இங்கே முதல் நாள் முழுக்கக் கறுப்புப் படமாக எடுப்பார்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/200, ஏன் 1/125 வரைகூட இறங்கலாம், லென்ஸ் எதன் மேலாவது சாய்ந்திருந்தால். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200, 6400 என்று ஏற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தைச் சரிசெய்ய இன்று மென்பொருள் இருக்கிறது, கலங்கிய படத்துக்கு எதுவும் இல்லை. ரா (RAW) கோப்பாக எடுங்கள், ஐந்தாறு படம் தொடர்ச்சியாக அழுத்துங்கள், ஒன்று தெளிவாக வரும். ஹைடில் முக்காலிக்கு இடம் இருக்காது. ஜிப் வைத்த வெறும் துணிப்பையைக் கொண்டுபோய், விடுதிச் சமையலறையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, லென்ஸுக்கு அடியில் தலையணையாக வையுங்கள். போகும்போது அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், அரை மணி நேரம் போய்விடும். பையை மூடியபடியே விடியுமுன் வராந்தாவில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். ஏசி இல்லாத அறை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. உடை மண் நிறம், காய்ந்த பச்சை நிறம். ராணுவக் கோடு போட்டதெல்லாம் தேவையில்லை, வெள்ளைச் சட்டையும் வாசனைத் திரவியமும் இல்லாமல் இருந்தால் போதும். ஜனவரியில் அட்டை குறைவு, ஆனாலும் ஈரமான ஓடைப் பக்கம் இருக்கும். முழங்கால் வரை துணிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பொட்டலம் உப்பு பையில் இருக்கட்டும்.

ஒன்பது வயதுப் பெண்ணைத் தாராளமாக அழைத்து வாருங்கள். விடியற்காலை நடை வேண்டாம், மாலை ஹைடில் ஒரு மணி நேரம் போதும், கையில் பைனாகுலர் கொடுங்கள். பெரியவர்களைவிட அவள்தான் முதலில் பார்ப்பாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்காக விடுதியில் கேட்க வேண்டியது ஒன்று: நடைப் பாதையில் கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. நான்கு மணி நேர நடை என்று சொல்லும் விடுதிக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் இதையும் கேளுங்கள். கைடு சம்பளம், ஹைடு கட்டணம், ஜீப், சரணாலயச் சீட்டு இவையெல்லாம் அறை வாடகைக்குள் அடங்குமா, தனியா? ஹைடு எங்கள் குழுவுக்கு மட்டுமா, வேறு ஆட்களும் வருவார்களா? காலை ஐந்தே முக்காலுக்குக் கட்டன் சாயா கிடைக்குமா? விளையாட்டாகக் கேட்கவில்லை. காலைச் சாப்பாடு எட்டரைக்குத்தான் என்று பிடிவாதம் பிடிக்கிற விடுதியில் நல்ல பறவை நேரம் முழுவதும் புட்டுக்கும் கடலைக்கும் காத்திருந்தே போய்விடும். பத்தரைக்குத் திரும்பி வந்து சாப்பிடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பணத்தை ஒருவரே வைத்துக்கொண்டு கடைசி நாள் கணக்குப் பாருங்கள். சரணாலயச் சீட்டு வரிசையில் நின்று யார் எவ்வளவு என்று பேச வேண்டாம்.

திரும்பி வந்ததும் எல்லோரும் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஆளுக்குப் பத்துப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவளைவாயன், ஆந்தை படங்களில் இடத்தைக் குறிக்கும் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள். எந்த மரம், எந்தக் கொடி என்று யார் கேட்டாலும் கைடின் எண்ணைக் கொடுங்கள், மரத்தைச் சொல்லாதீர்கள். அவருக்கு அது பிழைப்பு. பார்த்த பறவைகளின் பட்டியலை ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உதவும். உங்களில் படம் எடுக்காத இருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள், சரியாகச் செய்வார்கள்.

வாடகை லென்ஸைக் கிளம்பும் நாள் அன்று வாங்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாக வாங்கி, மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் காக்கையை எடுத்துப் பழகுங்கள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் எடுங்கள். கறுப்பு இறகில் விவரம் தெரிய வேண்டும், கண்ணில் ஒரு புள்ளி ஒளி இருக்க வேண்டும், ஷட்டர் 1/200. அது வருகிற வரைக்கும் எடுங்கள். ஹைடில் துடுப்புவால் கரிச்சான் வந்து உட்காரும்போது அதே கறுப்பு, அதே வெளிச்சம்தான்.